எங்கே விட வேண்டும்: பொம்மைச் சாவிக்கொத்தும் அதன் கொக்கியும்

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் போகும் கடலோரச் சாலையில் இருக்கிறது கிளேபாங். தேங்காய் ஷேக் கடைகள், கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்த மணல்மேடுகள், பிரெஞ்சுக் கடற்படையில் பணி முடித்து 2011இல் மலேசியாவுக்கு வந்த உவெசான் நீர்மூழ்கிக் கப்பல் என்று வார இறுதியில் கூட்டம் சேர அங்கே காரணங்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் பள்ளிப்பையிலும் இளம்பெண்களின் கைப்பையிலும் மோட்டார் சாவியிலும் இன்று ஏதாவது ஒரு பஞ்சுப் பொம்மை ஆடிக்கொண்டிருக்கிறது. லபுபு, அதைப் பார்த்துச் செய்த போலி, மலாக்கா மாநிலச் சின்னத்தில் நிற்கும் சருகுமான், 2026ஆம் ஆண்டு மலேசியச் சுற்றுலாவுக்காக அறிமுகமான வீரா, மஞ்சா என்னும் கரடி ஜோடி என்று வகைகள் பல.

கடையில் வாங்குவதோடு இது நிற்கவில்லை. தையல் தெரிந்த பெண்கள் வீட்டிலேயே செய்து விற்கிறார்கள். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டவும், திருமணத்துக்கு வந்தவர்களுக்கு அன்பளிப்பாகத் தரவும் சீனத் தொழிற்சாலைகளில் சொல்லிச் செய்து வரவழைக்கிறார்கள். பொம்மையின் முகம், கண்ணின் அளவு, துணியின் நிறம் எல்லாவற்றுக்கும் நாள்கணக்கில் பேச்சு நடக்கும். கொக்கிக்கு மட்டும் கடைசியில் ஒரு வரி: உங்களிடம் இருப்பதைப் போடுங்கள். அந்த ஒரு வரி நிறையப் பொம்மைகளைத் தெருவில் விழ வைக்கிறது. சில வேளைகளில் ஒரு குழந்தையின் வாய்க்குள் உலோகத் துண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யும். ஆகவே இதை முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொங்கும் பொம்மை எதுவானாலும் அது ஒரு வரிசையில் தொங்குகிறது: பையின் பிடி, கொக்கி, இடைவளையம், நாடா, தையல், துணி. இழுப்பு வந்தால் இந்த வரிசையில் ஏதோ ஓரிடம் விட்டே தீரும். எந்த இடம் விட வேண்டும் என்பதைச் செய்பவர் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். கொக்கித் தேர்வு என்பது அந்த முடிவுதான். வீட்டுச் சாவி தொங்கும் பொம்மையில் சாவியின் பக்கம் ஒருநாளும் விடக் கூடாது. குழந்தையின் கழுத்துக்கோ ஓடும் இயந்திரத்துக்கோ அருகில் போகும் பொம்மை பலமாக இழுபட்டால் விட்டுவிட வேண்டும். ஒரே கொக்கி இந்த இரண்டு வேலையையும் செய்யாது. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் கொக்கிகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பையிலும் இடுப்பிலும் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் புதியதல்ல. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய வெள்ளிச் சாவிக்கொத்துக்குத் தனியே ஒரு கொக்கித் தகடு இருந்தது. புடவை மடிப்பில் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எடோ காலத்து ஜப்பானியர் இடைக்கச்சையில் சிறு பெட்டிகளைத் தொங்கவிட, கயிற்றின் மேல்முனையில் நெட்சுகே என்னும் செதுக்கிய குமிழைப் போட்டார்கள். பஞ்சுப் பொம்மை பையோடு சேர்ந்தது பின்னால். 1987இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் தொடங்கிய கிப்லிங் நிறுவனம் தன் பைகளோடு ஒரு குரங்குப் பொம்மையைத் தொங்கவிட்டு விற்று அதையே அடையாளமாக்கிக்கொண்டது. ஜேன் பர்க்கின் தன் பெயரால் 1984இல் வந்த விலையுயர்ந்த பையிலேயே மணிமாலைகளையும் சின்னஞ்சிறு பொருள்களையும் கட்டித் திரிந்தார். கைப்பேசியில் கயிறு கோக்கும் துளை இருந்த காலத்தில் ஜப்பானில் ஆளுக்கொரு பொம்மை தொங்கியது. துளை போன பிறகு அவை பைக்கு இடம் மாறின.

லபுபு இந்த வரிசையின் கடைசி அலை. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங் 2015இல் உருவாக்கிய பாத்திரம் அது. 2019 முதல் பாப் மார்ட் நிறுவனம் அதைப் பொம்மையாக விற்றது. 2023இல் பையில் மாட்டும் பஞ்சு வடிவம் வந்தது. 2024இல் பிளாக்பிங்க் குழுவின் லிசா அதைப் பையில் மாட்டிக்கொண்டு தோன்றியதும் தென்கிழக்காசியா முழுவதும் பற்றிக்கொண்டது. போலிகளும் கூடவே வந்தன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் அந்தப் போலிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: எளிதில் உடைந்து துண்டாகின்றன, சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்று. பொம்மை அழகாக இருப்பதும் அதன் துண்டுகள் சேர்ந்திருப்பதும் வேறு வேறு என்பது அந்த எச்சரிக்கையில் உலகச் செய்தியானது.

உலோகத்துக்குப் போகுமுன் துணியைப் பார்க்க வேண்டும். ஏனென்றால், நல்ல கொக்கியை மோசமான தையலில் மாட்டினால் கொக்கி மட்டும்தான் மிஞ்சும். பொம்மையின் உச்சியில் நாடா எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைவிட எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதே கணக்கு. நாடாவை இரண்டாக மடித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க அடுக்கிய இரு துணித்துண்டுகளின் நடுவே, மடிப்பு உள்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். வெட்டிய முனைகள் தையல் கோட்டைத் தாண்டி ஒன்றேகால், ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கட்டும். தைத்துப் புரட்டினால் மடிப்பு வெளியே வரும், முனைகள் உள்ளே போய்விடும். அந்த இடத்தில் மட்டும் முன்னும் பின்னுமாக மூன்று ஓட்டம் ஓட்ட வேண்டும். நைலான், பாலியஸ்டர் நாடாவென்றால் வெட்டு முனையை மெழுகுவர்த்தித் தீயருகே ஒரு நொடி காட்டினால் உருகி இறுகும், இழை பிரியாது. பருத்தி நாடாவில் இதைச் செய்யக் கூடாது, பற்றிக்கொள்ளும். அதை மடித்துத் தைப்பதுதான் வழி.

இன்னொன்று பலர் கவனிக்காதது. குட்டை முடியுள்ள மென்மையான பொம்மைத் துணி பெரும்பாலும் பின்னல் துணி, நெய்த துணி அல்ல. இழுத்தால் தையல் நூல் அறுவதற்கு முன்பே துணியின் கண்ணி விட்டுப்போகும். நாடா வரும் இடத்தின் பின்னால் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நெய்த பருத்தித் துணியோ காலருக்கு வைக்கும் கேன்வாஸோ ஒட்டுப் போட்டால் இழுப்பு பரவிவிடும். பஞ்சு அடைத்து வாயைத் தைத்த பிறகு, உச்சியில் மூன்று தையல் போட்டு நாடாவை நிறுத்தும் வேலையைப் பார்த்தால் மனம் வருந்தும். அவ்வளவு நேரம் முகத்துக்குச் செலவிட்டவர் கடைசி ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்திருப்பார். அப்படிச் செய்யத்தான் வேண்டுமென்றால் நீண்ட ஊசியில் தடித்த நூலைக் கோத்து உச்சியிலிருந்து அடிவரை கொண்டுபோய், அடியில் ஒரு சிறு பொத்தானில் சுற்றி, திரும்ப மேலே எடுத்து முடிச்சிட வேண்டும். அப்போது பாரம் உச்சித் துணியின் மேல் விழாது, அடிவரை இறங்கும். துணியில் துளையிட்டு உலோகக் கண் பதிப்பது தோல் பைக்குப் பொருந்தும். பின்னல் துணியில் சில மாதத்தில் கண் கழன்று துளை மட்டும் நிற்கும்.

இனி உலோகம். மலிவுப் பொம்மைகளில் அதிகம் வருவது மணிச்சங்கிலி. உள்ளீடற்ற சிறு மணிகளும் அவற்றை இணைக்கும் குட்டை ஊசிகளுமாக, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், மணி ஒன்று 2.4 மில்லிமீட்டர். ஒரு காலத்தில் குளியல் தொட்டியின் அடைப்பானிலும் மின்விளக்கின் இழுகயிற்றிலும் இருந்த அதே சங்கிலி. அமெரிக்கப் படைவீரர்கள் கழுத்தில் அடையாளத் தகட்டைப் போடுவதும் இதில்தான். இதன் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றே: இழுத்தால் இணைப்பு விட்டுவிடும். நூற்றுக்கணக்கில் செய்து பரிசாகக் கொடுக்கும் பொம்மைக்கு, வீட்டுக் கண்ணாடி அலமாரியிலோ பையின் பக்கத்திலோ சும்மா தொங்கும் பொம்மைக்கு இது போதும். எந்தப் பக்கமும் திரும்பும், எந்தப் பிடியிலும் சுற்றலாம். ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டினால் இணைப்பின் உலோகம் விரிந்து பிடிப்பை இழக்கும். அதற்கு மேல் பொம்மை விழுவது நாள்கணக்குத்தான். சாவியை இதில் கோப்பதை நான் அறவே வேண்டாம் என்பேன்.

சாவிக்கு உரியது இரட்டைச் சுற்று வளையம். முறுக்கான எஃகுக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றித் தட்டையாக்கியது. நகத்தால் பிரித்துச் சாவியைச் செலுத்தும்போது கை வலிக்கிறதா, அது நல்ல வளையம். வலிக்காத வளையம் சீக்கிரம் வாய் பிளக்கும். வாங்குமுன் ஒருமுறை பிரித்து, ஒரு தடித்த சாவியை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். இரண்டு சுற்றும் முன்போல் ஒட்டிக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம். இடையில் வெளிச்சம் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பைக்கு மாட்டவும் கழற்றவும் வசதியானது விரலால் நெம்பித் திறக்கும் நண்டுக்கால் கொக்கி. அடியில் சுழலி இருந்தால் நாடா முறுக்கிக்கொள்ளாது. கிளேபாங் கரையில் தூண்டில் போடுபவர்களுக்குச் சுழலியின் பயன் நன்றாகத் தெரியும். சுழலாத நரம்பு முறுக்கேறி அறுந்துவிடும். இந்தக் கொக்கிகளில் பெரும்பகுதி துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றியவை. நானூறு டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகுவதால் செலவு குறைவு, எந்த வடிவத்திலும் ஊற்றலாம். ஆனால் எஃகைப்போல் அது வளைந்து எச்சரிக்காது. பாரம் மிஞ்சினால் சடக்கென்று முறியும். முறிந்த இடத்தில் சாம்பல் நிறச் சொரசொரப்பு தெரியும், சில வேளை உள்ளே காற்றுக் குமிழின் குழியும் தெரியும். பித்தளையில் செய்தவை விலை கூடியவை, கனமானவை. என் தேர்வு எப்போதும் அவைதான். காரபைனர் போன்ற பெரிய கொக்கிகள் கண்ணுக்கு உறுதியாகத் தெரியும். கடைகளில் பொம்மையோடு வருபவற்றில் பல, மலையேறுபவர்கள் பயன்படுத்துவதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட அலங்காரப் பொருள்கள். வண்ணச் சிலிகான் பட்டையும் பிளாஸ்டிக் கொக்கியும் சாயம் போகாதவரை நன்றாகவே இருக்கும். வெயிலில் கிடந்தால் மலிவுப் பிளாஸ்டிக் நொறுங்கும். மலாக்கா நகரின் திரிசாக்களில் வெயில்பட்டே வெளுத்த பொம்மைகளைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள வெயிலின் வேலை தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட, பொம்மைகள் தொலைவதற்குப் பெரிய காரணம் யாரும் பெயர் சொல்லாத ஒரு சிறு பொருள்: கொக்கியையும் நாடாவையும் இணைக்கும் திறந்த வாய் இடைவளையம். ஒரே சுற்றுக் கம்பியை வளைத்து வாயை இடுக்கியால் மூடியிருப்பார்கள். பளபளப்புப் பூச்சின் கீழ் அந்த வாய் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை பையை ஒருமுறை தரதரவென்று இழுத்தால் வாய் அரை மில்லிமீட்டர் பிளக்கும், மெல்லிய நாடா அதன் வழியே நழுவும். கொக்கி பையிலேயே பத்திரமாக இருக்கும், பொம்மை போய்விட்டிருக்கும். மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு, இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த தொழிலில் சங்கிலியின் வளைய வாயைப் பற்றவைக்காமல் கையிலிருந்து விடமாட்டார்கள். நாம் செய்வது தங்கமல்ல, ஆனாலும் பாடம் அதேதான். வாய் பற்றவைத்த இடைவளையம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எட்டு, பத்து மில்லிமீட்டர் அளவில் சிறு இரட்டைச் சுற்று வளையம் போடுங்கள். விலை வித்தியாசம் சில காசுதான்.

இடைவளையத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழையும்போது இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். அதாவது ஒவ்வொரு வளையத்துக்கும் கால்வட்டம் திரும்பும். காதிலிருந்து காதுவரை ஓடும் தையலில் தட்டை நாடாவை வைத்து, ஒரு வளையம் போட்டுக் கொக்கியை மாட்டினால் பொம்மை முகம் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே பொம்மையில் வளையம் இரண்டானால் அது பக்கவாட்டில் திரும்பி மூக்கைக் காட்டும். மாதிரியில் அழகாக முன்னே பார்த்த சருகுமான், நூறு எண்ணிக்கையாக வரும்போது பையை முட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்; இடையில் யாரோ ஒரு வளையம் கூட்டியிருப்பார்கள் அல்லது குறைத்திருப்பார்கள். சுழலி போட்டால் இந்தச் சிக்கல் இல்லை, பதிலுக்குப் பொம்மை தன் இஷ்டத்துக்குத் திரும்பும். முகம் எப்போதும் வெளியே பார்க்க வேண்டுமென்றால் சுழலி வேண்டாம், வளையங்களை எண்ணிப் போடுங்கள். நாடாவை உச்சியின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைத்தால் பொம்மை சற்றுக் குனிந்து நம்மைப் பார்க்கும். முன்னால் வந்துவிட்டால் அண்ணாந்து வானத்தைப் பார்க்கும். தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் இருக்கும் பொம்மையில் இது உடனே தெரியும்.

கிளேபாங் கடலோரம் என்பதால் இங்கே கொக்கிக்கு இன்னொரு எதிரி உண்டு. உப்புக் காற்றும் ஆண்டு முழுக்க ஈரமும். நண்டுக்கால் கொக்கியில் முதலில் கெடுவது வெளியே தெரியும் பூச்சு அல்ல, உள்ளே இருக்கும் சுருள்வில். உடல் துத்தநாகமோ பித்தளையோ ஆனாலும் வில் சாதாரண இரும்புக் கம்பியாக இருந்தால் அது துருப்பிடித்து நெம்புகோல் பாதியில் நின்றுவிடும். வாய் சரியாக மூடாத கொக்கி வெளியில் புதிதாகவே தெரியும். இரும்பு வளையம் போட்ட பொம்மையில் துரு நாடாவில் இறங்கி, அங்கிருந்து தலைத் துணியில் பழுப்பு வட்டமாகப் படரும்; எந்தச் சோப்பும் அதை முழுதாக எடுக்காது. துத்தநாகக் கலவையில் பூச்சு மெலிந்த இடத்தில் வெண்பொடி பூக்கும்.

எது எந்த உலோகம் என்று பார்க்க ஒரு காந்தம் போதும், ஆனால் அதைப் புரிந்து பயன்படுத்த வேண்டும். பித்தளையும் துத்தநாகமும் ஒட்டாது. சாதாரண இரும்பு பளிச்சென்று ஒட்டும். துருப்பிடிக்காத எஃகில் 304 ரகம் வளைத்துச் செய்தபின் இலேசாக ஒட்டலாம். அதனால் மட்டும் அது போலி என்று சொல்லிவிட முடியாது. கடற்கரை வீடுகளுக்கு 316 ரகம் மேல். அதில் சேரும் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் உப்பைத் தாங்க உதவுகிறது. தொழிற்சாலைகள் ஐந்து விழுக்காடு உப்புநீரை 35 டிகிரியில் தூவிப் பூச்சைச் சோதிக்கும், இத்தனை மணிநேரம் தாங்கியது என்று சான்று கொடுக்கும். வீட்டில் அந்த அறை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கல்லுப்பு கரைத்து, ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, அதில் கொக்கியைச் சுருட்டி மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். தினமும் ஒருமுறை நெம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டுங்கள். துணியில் கறை எந்த இடத்தில் விழுகிறதோ அதுதான் அந்தக் கொக்கியின் பலவீனம். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது. இரண்டு கொக்கிகளில் எது மேல் என்று சொல்லிவிடும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மலேசியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009இல் விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு விதிமுறைகள் வந்தன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருள்களுக்கு அவை பொருந்தும், அளவுகோல் ஐஎஸ்ஓ 8124 தரம். 'இது விளையாட்டுப் பொருள் அல்ல, சாவிக்கொத்துதான்' என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டி இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: பஞ்சுப் பொம்மை மாட்டிய சாவி வளையம் இரண்டு வேலை செய்யும் பொருள், அது விளையாட்டுப் பொருளாகவே கருதப்படும். சட்டத்தை விடுங்கள், மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அது சாவியைத் தேடாது, பொம்மையைத்தான் வாயில் வைக்கும்.

ஐஎஸ்ஓ 8124 தரத்தில் சிறு துண்டைக் கண்டுபிடிக்க ஓர் உருளை இருக்கிறது. குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், அடி சாய்வானது, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. எந்தக் கோணத்திலாவது இதற்குள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. 25 மில்லிமீட்டர் சாவி வளையம் அடங்கும். வழக்கமான அளவுள்ள நண்டுக்கால் கொக்கிகளில் பெரும்பாலானவையும் சாய்த்து வைத்தால் அடங்கும். மணிச்சங்கிலியின் இணைப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, பொம்மையோடு வரும் உலோகம் அனேகமாக எல்லாமே கழன்றால் ஆபத்தானது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் பொம்மைக்கு உலோகமே வேண்டாம் என்பது என் முடிவு. நாடா வளையம் மட்டும் போதும், அதையும் விரல் நுழையும் அளவுக்குக் குட்டையாக வையுங்கள்.

அதே தரத்தில் இழுவைச் சோதனையும் உண்டு. கையால் பிடிக்கக்கூடிய, ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பகுதியை 70 நியூட்டன் விசையில் இழுத்துப் பத்து வினாடி வைத்திருப்பார்கள், கழலக் கூடாது. 70 நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஏழு கிலோ பாரம். ஐந்து கிலோ அரிசிப் பையோடு இரண்டு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைச் சேர்த்து ஒரு துணிப்பையில் கட்டி, பொம்மையின் உடலைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொக்கியில் மெதுவாகத் தொங்கவிட்டால் வீட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். இடைவளையம் வாய் பிளந்ததா, நாடா நீண்டதா, தையல் சிரித்ததா என்று எல்லாம் பத்து வினாடியில் தெரியும். காதணி போட்டால் அரிக்கும் தோல் உள்ளவர்கள் நிக்கல் பூச்சையும் கவனிக்க வேண்டும். மிக மலிவான கலவைகளில் ஈயமும் காட்மியமும் வரலாம் என்பதால், விற்பவரிடம் உலோகத்துக்குத் தனியே சோதனைச் சான்று கேட்பது நியாயமான கேள்வி. பஞ்சுக்கும் துணிக்கும் மட்டும் சான்று காட்டுபவர்கள் உண்டு.

பள்ளிப்பையில் மாட்டும் இடமும் கொக்கியின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஜிப் இழுக்கும் நாக்கில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் பிள்ளை பொம்மையைப் பிடித்துத்தான் ஜிப்பைத் திறக்கும். பக்கத்தில் தைத்திருக்கும் நாடா வளையமே சரியான இடம். பத்து பெரெண்டாம், செங் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்கள் அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையில் பொம்மை தொங்கவிட்டால், இயந்திரத்தருகே அது பெரிய ஆபத்து. அங்கே இழுத்தால் விடும் பட்டையும் மணிச்சங்கிலியும்தான் பொருத்தம், இரட்டைச் சுற்று வளையம் கூடாது.

மோட்டார் சாவி தனிப் பிரச்சினை. கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளில் சாவி சொருகும் இடத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் பொம்மை தொங்கினால் வண்டியின் அதிர்வு முழுதும் வளையத்தில் விழும். மழையில் நனைந்த பஞ்சு இரண்டு மூன்று மடங்கு கனக்கும். சாவியில் தொங்கும் பாரம் அற்ப விஷயமல்ல என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் கதை உலகுக்குக் காட்டியது. 2014இல் அந்த நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கி இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. சாவித் துவாரத்தின் சுவிட்ச் பிடிப்பு குறைவாக இருந்ததால், கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ ஓடும் காரின் எஞ்சினை நிறுத்தியது, காற்றுப்பையும் விரியாமல் போனது. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களை அந்தக் கோளாறோடு சேர்த்தது. பழுது பார்க்கும்வரை சாவியைத் தனியாகப் பயன்படுத்துங்கள், வளையத்தில் வேறெதையும் மாட்டாதீர்கள் என்பதே வண்டிக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. குறை சுவிட்சில்தான் இருந்தது, பொம்மையில் அல்ல. ஆனாலும் சாவிக்கும் பொம்மைக்கும் நடுவே ஒரு நண்டுக்கால் கொக்கி இருக்கட்டும் என்பதற்கு அதுவே போதிய காரணம். வண்டியில் ஏறும்போது பொம்மையைக் கழற்றிப் பையில் மாட்டிவிட்டு, சிறிய இரட்டைச் சுற்று வளையத்தோடு சாவியை மட்டும் சொருகலாம்.

சொல்லிச் செய்யும்போது இவற்றையெல்லாம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். படம் மட்டும் அனுப்பினால் படத்தில் தெரியும் நிறம்தான் வரும். கொக்கியின் உலோகம் எது, உள்வில் துருப்பிடிக்காத எஃகா, இடைவளையம் பற்றவைத்ததா, எத்தனை வளையம், பொம்மை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், நாடா எத்தனை மில்லிமீட்டர் அகலம், தையலுக்குள் எவ்வளவு போக வேண்டும், எந்த வயதினருக்கு என்று எழுதுங்கள். மாதிரிகள் வந்தால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், காப்பாற்றி வைக்காதீர்கள். இன்னொன்றில் அரிசிப் பையைத் தொங்கவிடுங்கள். முழுத் தொகுதி வந்ததும் நடுவிலிருந்து நாலைந்தை எடுத்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் மாதிரியைக் கையால் தைத்தவர் வேறு, தொகுதியை ஓட்டியவர் வேறு.

கூடுதலாக ஒன்று கேட்கலாம் என்பேன்: கொக்கியைக் கழற்றக்கூடியதாக வையுங்கள் என்று. பையில் தொங்கும் பொம்மை தேங்காய் ஷேக்கும் மழைத்தண்ணீரும் பட்டு அழுக்காகும், துவைக்க வேண்டிவரும். நாடா வளையத்தில் சிறு இரட்டைச் சுற்று வளையம் வழியே கொக்கி மாட்டப்பட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பொம்மையை மட்டும் மிதமான சோப்பில் அலசலாம், கொக்கி கெட்டால் தனியே மாற்றவும் செய்யலாம். நிழலில் காயவிடுங்கள், துணி உலர்ந்த பிறகும் நாடா தைத்த உச்சியை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டுத் துணியும் பஞ்சும் சேர்ந்திருக்கும் அந்த இடம் மற்ற பகுதிகளைவிட ஒருநாள் கழித்தே காயும். அதுவரை உலோகத்தை மாட்ட வேண்டாம்.